ஸ்டார்ஃபைட்டரைப் படிக்க ஆசையா? இறக்கையில் தொடங்குங்கள்

எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் என்ற பழைய அமெரிக்கப் போர் விமானத்தின் படத்தை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: இறக்கை எங்கே? ஊசி போல மூக்கு, நீண்ட குழாய் போன்ற உடல், பின்னால் உயரமான வால், அந்த வாலின் உச்சியில் குறுக்காக ஒரு பலகை. நடுவே இரண்டு பக்கமும் சின்னதாக எதையோ செருகி வைத்த மாதிரி தெரிகிறதே, அதுதான் இறக்கை. விமானத்தின் நீளம் 16.7 மீட்டர். இறக்கையின் வீச்சோ ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளந்தாலும் 6.6 மீட்டர்தான். 1:72 அளவில் மாடல் செய்து கையில் பிடித்தால் நீளம் 23 சென்டிமீட்டர், அகலம் 9 சென்டிமீட்டர் வரும். பேனா பிடிப்பது போலப் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த விமானத்தைத் தேடி இணையத்துக்குள் போனால் படிக்கக் கொட்டிக் கிடக்கிறது. விமானிகளின் பழைய கையேடுகள், நாசாவின் ஆய்வறிக்கைகள், ஒவ்வொரு விமானத்தின் கதையும் அடங்கிய எண் பட்டியல்கள், பத்தாயிரக்கணக்கில் படங்கள். புதிதாக வருகிறவருக்கு எதை முதலில் எடுப்பது, எதை நம்புவது என்றே புரியாது. பல வருடம் இதிலேயே சுற்றிய பிறகு என் யோசனை ஒன்றுதான். முதலில் இறக்கையைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த விமானத்தின் வேகம், அதன் வாலின் வடிவம், விமானியின் இருக்கை, ஜெர்மனியில் நடந்த மரணங்கள் எல்லாமே அந்தச் சின்ன இறக்கையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியவை. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் எந்த ஆவணத்தைத் திறந்தாலும் அது எங்கே பொருந்தும் என்று தெரிந்துவிடும்.

சரி, ஏன் அவ்வளவு சின்ன இறக்கை?

1951ஆம் ஆண்டின் கடைசியில் லாக்ஹீட் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன் கொரியப் போர்முனைக்குப் போனார். அங்கே அமெரிக்க விமானிகள் சேபர் விமானங்களில் ஏறி, சோவியத் மிக்-15களுடன் மோதிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். உயரமும் வேகமும் வேண்டும், தேவையில்லாத சுமை வேண்டாம் என்பதுதான் அவர் அங்கே கேட்ட பதில்களின் சாரம். ஊர் திரும்பியவர், கையில் இருக்கும் மிகச் சக்திவாய்ந்த எஞ்சினைச் சுற்றி எவ்வளவு குறைவாக விமானத்தைக் கட்ட முடியுமோ அவ்வளவு குறைவாகக் கட்டுவது என்று முடிவெடுத்தார். முதல் மாதிரி விமானத்தை டோனி லீவியர் 1954 மார்ச் 4 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் பறக்கவிட்டார்.

இங்கே கொஞ்சம் இயற்பியல் தேவைப்படுகிறது. பள்ளியில் படித்த அளவே போதும்.

விமானம் ஒலியின் வேகத்தைவிட மெதுவாகப் போகும்போது, அது வரும் செய்தி காற்றில் முன்கூட்டியே பரவிவிடும். காற்று விலகி வழிவிடும். ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டால் அந்தச் செய்தி முன்னே போக முடியாது. இறக்கை வந்து மோதும்வரை காற்றுக்கு எதுவும் தெரியாது. மோதிய இடத்தில் காற்று அழுந்தி ஒரு அதிர்ச்சி அலையாக நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டே போவதற்கு எஞ்சின் ஏராளமான சக்தியைச் செலவழிக்க வேண்டும். இறக்கை எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு இந்தத் தடையும் கூடும். ஆகவே ஒலியை மிஞ்சிப் போக வேண்டுமானால் மெல்லிய இறக்கை வேண்டும்.

இதற்கு மற்றவர்கள் வேறு வழிகள் கண்டார்கள். இறக்கையைப் பின்னோக்கிச் சாய்ப்பது ஒரு வழி. மிக்-21 செய்தது போல முக்கோண இறக்கை வைப்பது இன்னொரு வழி. ஜான்சன் நேரான இறக்கையையே எடுத்தார். ஆனால் அதைக் கத்தி போல மெலியவைத்தார். இறக்கையின் தடிமன், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை அளந்த அகலத்தில் 3.36 சதவீதம்தான். முன்விளிம்பின் ஆரம் 0.4 மில்லிமீட்டர். தரையில் நிற்கும்போது அந்த விளிம்பில் யாராவது இடித்துக் காயப்பட்டுவிடுவார்கள் என்று உறை மாட்டி வைப்பார்கள். விளிம்பு நசுங்கிவிடக் கூடாது என்பதும் அந்த உறைக்கு ஒரு காரணம்.

அவ்வளவு மெல்லியதாக இருந்தால் நீளமாக வைக்க முடியாது. நீண்ட, மெல்லிய தகடு வளையும், அதிரும். அதனால் இறக்கை குட்டையானது. மொத்தப் பரப்பு 196 சதுர அடி. நம் கணக்கில் சொன்னால் பதினாலுக்குப் பதினாலு அறை ஒன்றின் தரை. அதிலும் உடலுக்குள் மறைந்திருக்கும் பகுதியைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இன்னும் குறைவு.

இப்போது ஒரே ஒரு புதிய சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்: இறக்கைச் சுமை. விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. ஒரு சதுர மீட்டர் இறக்கை எத்தனை கிலோவைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று அது சொல்லும். கொரியாவில் பறந்த சேபருக்கு அது சுமார் 240 கிலோ. ஸ்டார்ஃபைட்டரின் பிற்கால, எடை கூடிய ஜி ரகத்துக்குச் சுமார் 510 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல். விமானங்களை ஒப்பிட்டுப் படிக்க ஆரம்பிக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் எண் இதுதான். அதிகபட்ச வேகம் எவ்வளவு என்பதுதான் எல்லோர் கண்ணிலும் முதலில் படும். ஆனால் அந்த விமானம் எப்படித் திரும்பும், எப்படி இறங்கும் என்பதை இறக்கைச் சுமையைப் பார்த்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

சின்ன இறக்கை வேகத்தைத் தாராளமாகவே கொடுத்தது. 1958 மே மாதத்தில் பத்து நாட்களுக்குள் உயரச் சாதனை, வேகச் சாதனை இரண்டையும் இந்த விமானம் வைத்துக்கொண்டது. மே 7 அன்று ஹோவர்ட் ஜான்சன் 27,800 மீட்டர் உயரம் தொட்டார். மே 16 அன்று வால்டர் இர்வின் மணிக்கு 2,259 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தார். மறுவருடம் டிசம்பரில் ஜோ ஜோர்டன் 31,513 மீட்டர்வரை ஏறினார். அந்த உயரத்தில் வானம் கருப்பாகத் தெரியும். இதற்கெல்லாம் துணைநின்றது ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜே79 எஞ்சின். காற்றை அழுத்தும் பகுதியில் 17 அடுக்குகள், அவற்றில் முன்பக்க அடுக்குகளுக்கு நடுவே கோணம் மாற்றிக்கொள்ளும் தகடுகள். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை.

அந்த இறக்கைக்காக மற்றப் பாகங்கள் என்னென்ன விட்டுக்கொடுத்தன என்பதைப் பார்த்தால்தான் விமானம் முழுதாகப் பிடிபடும்.

வழக்கமாக இறக்கைக்குள் எரிபொருள் வைப்பார்கள். இதில் இடமில்லை. சக்கரங்களை இறக்கைக்குள் மடக்கவும் வழியில்லை. எல்லாம் உடலுக்குள் போனது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பகுதிகளை இயக்க எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் உருளைகள் வேண்டும். அவற்றையும் ஒரு அங்குலத் தடிமனுக்குள் அடக்கவேண்டி வந்தது. எரிபொருள் உடலில் மட்டும் இருந்ததால் தூரம் குறைந்தது. ஸ்டார்ஃபைட்டர் படங்களில் இறக்கை நுனியில் எப்போதும் டாங்கிகள் தொங்குவதற்கு அதுவே காரணம்.

தரையிறங்குவதில்தான் பெரிய சிக்கல். இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் தூக்குவிசை கால் பங்காகும். ஏற்கெனவே பரப்பு குறைவு. வேகத்தையும் குறைத்தால் விமானம் விழுந்துவிடும். இறங்கும்போது எல்லா விமானங்களிலும் இறக்கையின் பின்பகுதியைக் கீழே மடக்குவார்கள். அதற்கு ஃபிளாப் என்று பெயர். இதனால் தூக்குவிசை கூடும். ஆனால் மெல்லிய இறக்கையில் ஃபிளாப்பை 45 டிகிரி மடக்கினால் மேலே ஓடும் காற்று அந்த வளைவோடு ஒட்டிப்போகாமல் பிய்ந்துவிடும்.

இதற்கு லாக்ஹீட் கண்ட தீர்வு எனக்கு இந்த விமானத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. எஞ்சினின் அழுத்தப் பகுதியிலிருந்து சூடான, அழுத்தம் மிகுந்த காற்றைக் குழாய்வழியே கொண்டுவந்து, ஃபிளாப் மடங்கும் இடத்தில் உள்ள சிறு துளைகள் வழியே அதன் மேற்பரப்பில் பீய்ச்சினார்கள். சோர்ந்துபோன காற்றை அந்தப் பாய்ச்சல் இழுத்துப் பிடித்து ஃபிளாப்போடு ஒட்டவைக்கும். தொடர் உற்பத்திக்கு வந்த விமானங்களில் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் கொண்டவற்றில் ஸ்டார்ஃபைட்டரும் ஒன்று. அப்படியும்கூட ஓடுபாதையை நெருங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். இறங்கியதும் பின்னால் பாராசூட் விரித்து நிறுத்தினார்கள்.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கவனியுங்கள். ஃபிளாப்புக்கு ஊதும் காற்று எஞ்சினிலிருந்து வருகிறது. விமானி இறங்குகிறோமே என்று எஞ்சினின் சக்தியை மிகவும் குறைத்தால் ஊதுகாற்றும் குறையும், அதோடு தூக்குவிசையும் போகும். ஆகவே ஸ்டார்ஃபைட்டரைத் தரைதொடும்வரை சக்தியோடுதான் ஓட்டிக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்க இறக்கையில் மட்டும் ஊதல் நின்றுபோனால் விமானம் அந்தப் பக்கம் புரளும். தரைக்கு அருகில் அது நடந்தால் சரிசெய்ய நேரம் கிடைக்காது.

அடுத்தது வால். கிடைமட்ட வால்பலகை செங்குத்து வாலின் உச்சியில் இருக்கிறது. வேகமான பறத்தலில் அந்த இடம் நல்லது. ஆனால் விமானி மூக்கை அளவுக்குமேல் உயர்த்தினால், இறக்கையிலிருந்து கிளம்பும் குழம்பிய காற்று நேராகப் போய் அந்த உயரமான வால்பலகையை மூடிக்கொள்ளும். வாலுக்குப் பிடிப்பு போய்விடும். மூக்கு தானாகவே மேலும் எழும்பி, விமானம் கட்டுப்பாடு இழந்து சுழலும். அதைத் தவிர்க்க ஒரு கருவி வைத்தார்கள். ஆபத்தான கோணத்தை நெருங்கும்போது விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பு முதலில் நடுங்கும். அதையும் மீறி இழுத்தால் கம்பே கையை மீறி முன்னால் தள்ளிவிடும். உயரமான வால் இன்னொரு வேலையும் செய்தது. திசை திருப்பும்போது விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டப் பார்த்தது. அதைச் சமன்செய்யவே இறக்கைகளைப் பத்து டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தார்கள். முன்னாலிருந்து எடுத்த படத்தில் இறக்கைகள் தோளைத் தொங்கப்போட்ட மாதிரி தெரிவது அதனால்தான்.

ஆபத்து நேரத்தில் விமானியைத் தன்னோடு வெளியே வீசும் இருக்கையின் கதை வருத்தமானது. அந்த வேகத்தில் விமானி மேல்நோக்கி வெளியேறினால் உயரமான வாலில் மோதிவிடுவார் என்று பயந்தார்கள். அதனால் ஆரம்ப விமானங்களில் இருக்கை கீழ்நோக்கி வெளியே தள்ளியது. உயரத்தில் இருக்கும்போது அது சரி. புறப்படும்போதோ இறங்கும்போதோ எஞ்சின் நின்றால்? 1958 ஜூலை 26 அன்று ஐவன் கின்செலோ என்ற புகழ்பெற்ற சோதனை விமானிக்கு அதுதான் நேர்ந்தது. புறப்பட்ட சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றது. விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு வெளியேறப் பார்த்தார். உயரம் போதவில்லை. அவருக்கு வயது 30. பின்னர் மேல்நோக்கித் தள்ளும் இருக்கைகள் வந்தன. விமானிகளின் பூட்ஸில் குதிரைவீரன் அணிவது போன்ற குதிமுள் ஒன்று மாட்டியிருக்கும். அதை இருக்கையோடு கம்பியில் இணைத்திருப்பார்கள். வெளியேறும் கணத்தில் கால்களைப் பின்னுக்கு இழுத்துப் பாதுகாக்க அந்த ஏற்பாடு.

இனி ஜெர்மனி. ஸ்டார்ஃபைட்டரைப் பற்றிப் பேசும் எவரும் வந்து நிற்கும் இடம் இது. பாதி தெரிந்துகொண்டு பேசுவதும் இங்கேதான் அதிகம்.

அமெரிக்க விமானப்படை இந்த விமானத்தை 300க்கும் குறைவாகவே வாங்கியது. தூரம் குறைவு, சுமக்கும் ஆயுதமும் குறைவு. ஆனால் மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், இத்தாலி, கனடா, ஜப்பான் என்று வரிசையாக நாடுகள் அதைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் தொழிற்சாலைகளிலேயே கட்டின. மொத்தம் 2,500க்கும் மேற்பட்ட விமானங்கள். இந்த விற்பனையில் கைமாறிய பணம் 1976ல் வெளியே வந்தது. நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்ட் லாக்ஹீடிடம் பணம் பெற்ற விவகாரம் அந்த நாட்டு அரச குடும்பத்தையே உலுக்கியது.

ஜெர்மனி 916 விமானங்களை எடுத்தது. அவற்றில் 292 விபத்தில் அழிந்தன. 116 விமானிகள் இறந்தார்கள். 1965ல் மட்டும் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவை விழுந்தன. 1962 ஜூன் 19 அன்று நோர்வேனிஷ் தளத்தின் அருகே நான்கு விமானங்கள் அணியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தன. மறுநாள் விழாவுக்கான ஒத்திகை அது. நான்கும் ஒன்றாகத் தரையில் மோதின. ஒருவரும் பிழைக்கவில்லை. விழா ரத்தானது. ஜெர்மானியர்கள் அந்த விமானத்தை விதவையாக்கி என்று அழைத்தார்கள். ஸ்டார்ஃபைட்டர் வேண்டுமானால் ஒரு துண்டு நிலம் வாங்கிக் காத்திரு, ஒன்று வந்து விழும் என்ற கசப்பான பேச்சும் அங்கே புழங்கியது.

இதைப் படித்தவுடன் மோசமான விமானம் என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் நிறுத்திக்கொண்டு ஸ்பெயினைப் பார்க்கச் சொல்வேன். ஸ்பெயின் 1965 முதல் 1972 வரை 21 ஸ்டார்ஃபைட்டர்களைப் பறக்கவிட்டது. விபத்தில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. அதே ஜி ரகம், அதே எஞ்சின், அதே இறக்கை. வித்தியாசம் எங்கே?

வேலையில். கெல்லி ஜான்சன் இதைத் தெளிந்த வானத்தில் உயரே பாய்ந்து எதிரியை மறிப்பதற்காக வரைந்தார். ஸ்பெயின் அதற்கே பயன்படுத்தியது. அங்கே வானிலையும் பெரும்பாலும் நன்றாக இருந்தது. ஜெர்மனியோ ஒரே விமானம் எல்லாம் செய்ய வேண்டும் என்று கேட்டது. குண்டு வீச வேண்டும், தரையை ஒட்டிப் பறக்க வேண்டும், மேகத்திலும் மழையிலும் இரவிலும் போக வேண்டும், அணுகுண்டும் சுமக்க வேண்டும். அதற்காகவே பிறந்தது ஜி ரகம். உடலைப் பலப்படுத்தி, புதிய ரேடாரும் திசைகாட்டும் கருவிகளும் ஏற்றினார்கள். எடை கூடியது. இறக்கை அதே பதினாலுக்குப் பதினாலு. இப்போது இறக்கைச் சுமையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். திருப்புவதற்கு அதிக இடமும் தவறு செய்தால் மீள அதிக உயரமும் தேவைப்படும் ஒரு விமானத்தைத் தரைக்குச் சில நூறு அடி உயரத்தில், மேகத்துக்குள் ஓட்டச் சொன்னார்கள்.

ஓட்டியவர்கள் யார் என்பதும் முக்கியம். போர் முடிந்து பத்து வருடம் ஜெர்மனிக்கு விமானப்படையே கிடையாது. 1956க்குப் பிறகு புதிதாகத் தொடங்கியவர்கள். மூத்தவர்கள் மூக்கில் விசிறி சுழலும் பழைய விமானங்களின் காலத்தவர்கள், இளையவர்கள் கற்றுக்கொண்டிருந்தவர்கள். பயிற்சிக்கு அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்துக்குப் போனார்கள். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெயில். திரும்பி வந்தபோது ஐரோப்பாவின் மூட்டம். தரைப் பணியாளர்களிலும் அனுபவசாலிகள் போதவில்லை. சிக்கலான இந்த விமானங்களை நிறுத்தக் கொட்டகைகளும் போதாமல் திறந்தவெளியில் மழையில் நின்றன.

உலகிலேயே அதிக விமானங்களை வீழ்த்திய ஜெர்மன் விமானி எரிக் ஹார்ட்மன், இந்த விமானத்தை அவசரப்பட்டு வாங்குவது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1970ல் ஓய்வுபெற்று வெளியேறினார். 1966ல் விமானப்படைத் தலைமைக்கு வந்த யோஹானெஸ் ஸ்டைன்ஹாஃப் பயிற்சி, பராமரிப்பு இரண்டையும் மாற்றியமைத்தார். இருக்கைகளை பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் இருக்கைகளாக மாற்றினார்கள். விபத்து விகிதம் இறங்கியது. விமானம் அதேதான். கனடாவின் அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. அவர்களும் தாழ்வாகப் பறந்து தாக்கும் வேலைக்கே இதை வைத்திருந்தார்கள். சுமார் 110 விமானங்களை இழந்தார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. பாகிஸ்தான் 1961 முதல் ஸ்டார்ஃபைட்டர்களை வைத்திருந்தது. 1971 போரில் இந்தியாவின் மிக்-21களோடு அவை நேருக்கு நேர் மோதின. டிசம்பர் 12 அன்று ஜாம்நகர் பக்கம் தாக்க வந்த ஒரு ஸ்டார்ஃபைட்டரை இந்திய மிக்-21 கட்ச் வளைகுடாவுக்கு மேல் துரத்தி வீழ்த்தியது. இரண்டு விமானங்களும் ஐம்பதுகளின் நடுவில் பிறந்தவை. இரண்டுமே ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம் கொண்டவை. மிக்-21இன் முக்கோண இறக்கை 23 சதுர மீட்டர், ஸ்டார்ஃபைட்டருடையது 18. நேர்கோட்டில் ஓடும்போது ஸ்டார்ஃபைட்டருக்குக் குறை சொல்ல முடியாது. வளைந்து திரும்பவேண்டி வந்தால் கணக்கு மாறிவிடும். அந்த மிக்-21 இந்திய விமானப்படையில் 2025 செப்டம்பர்வரை இருந்தது.

இப்போது ஆவணங்களுக்கு வருவோம். முதலில் விமானியின் கையேடு. அமெரிக்க விமானப்படையின் பழைய கையேடுகள் ரகசியம் நீங்கி ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கம். முதல் பக்கத்திலிருந்து படித்தால் சலித்துப்போகும். மூன்றாம் பகுதிக்கும் ஆறாம் பகுதிக்கும் நேராகப் போங்கள். மூன்றாவது, அவசர நிலையில் செய்ய வேண்டியவை. ஆறாவது, விமானத்தின் பறக்கும் குணங்கள். மேலே நான் சொன்ன ஊதல் நிற்பது, மூக்கு எழும்புவது எல்லாம் அங்கே சுருக்கமான கட்டளைகளாக இருக்கும். உயிரோடு இருப்பதற்காக எழுதிய எழுத்து அது. அதைவிடத் தெளிவாக இந்த விமானத்தை விளக்கிய எதையும் நான் படித்ததில்லை.

அடுத்து நாசா. அவர்கள் 1956 முதல் 1994 வரை ஸ்டார்ஃபைட்டர்களைப் பறக்கவிட்டார்கள். சோதனை விமானங்களுக்குத் துணையாகக் கூடவே பறப்பது, விண்வெளி ஓடத்தின் வெப்ப ஓடுகளைச் சோதிப்பது என்று பல வேலைகள். நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைக் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசம். படங்களும் அப்படியே. படங்களில் இருந்து தொடங்கினால் எளிது.

மூன்றாவது, எண்கள். வாலில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் படம் பேச ஆரம்பிக்கும். ஒஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் சி ரக விமானத்தின் எண் 56-0914. முதல் இரண்டு இலக்கம் அதை வாங்க உத்தரவிட்ட நிதியாண்டு, 1956. வாலில் எழுதும்போது ஐந்தை விட்டுவிட்டு 60914 என்று எழுதுவார்கள். உடலின் பக்கத்தில் பெரிதாக எஃப்ஜி-914 என்று இருந்தால், எஃப்ஜி என்பது ஸ்டார்ஃபைட்டருக்கான குறியீடு, பின்னால் வருவது எண்ணின் கடைசி மூன்று இலக்கம். ஜெர்மன் விமானமானால் 1968க்குப் பிறகு 20+01 என்பது போல, நடுவே சிலுவையோடு எண் வரும். அதற்கு முந்தைய படமானால் இரண்டு எழுத்தும் மூன்று எண்ணும் இருக்கும். ஆக, எண்ணின் வடிவத்தை மட்டும் பார்த்தே படம் எடுத்த காலத்தைச் சொல்லிவிடலாம்.

ரக எழுத்துகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ முதலில் வந்தது. சி குண்டும் சுமக்கும். பி, டி இரண்டும் இரட்டை இருக்கை. ஜி ஐரோப்பாவுக்காகப் பலப்படுத்தியது, வால் பெரிது. ஜே ஜப்பானுடையது. எஸ் இத்தாலியில் கட்டியது, ஸ்பாரோ ஏவுகணை சுமக்கக்கூடியது, வயிற்றுப் பக்கம் கூடுதலாக இரண்டு சிறு துடுப்புகள் இருக்கும். இத்தாலியர்கள் இதை 2004வரை வைத்திருந்தார்கள். தொப்பியில் குத்தும் நீண்ட ஊசி என்று பொருள்படும் ஸ்பில்லோனே என்ற செல்லப்பெயர் அவர்கள் வைத்தது.

விபத்துக் கணக்குகளைப் படிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். எத்தனை விழுந்தது என்பதோடு எத்தனை வருடம், எத்தனை மணிநேரம், என்ன வேலை என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். 292 என்ற எண் தனியாக நின்றால் ஒரு கதை சொல்லும், ஸ்பெயினின் பூஜ்யம் பக்கத்தில் வந்தால் வேறு கதை சொல்லும். இறந்த 116 பேரும் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் பிள்ளை என்பதை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வலிக்கும்.

கடைசியாக, ஒரு வீடியோவைத் தேடிப் பாருங்கள். நார்வேயின் போடோ நகரில் ஆர்வலர்கள் பல வருடம் உழைத்து, முன்பு கனடாவிடம் இருந்த இரட்டை இருக்கை ஸ்டார்ஃபைட்டர் ஒன்றைச் சரிசெய்து 2016ல் மறுபடியும் பறக்கவைத்தார்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். ஜே79 எஞ்சின் சில குறிப்பிட்ட சக்தி அளவுகளில் ஓநாய் போல ஊளையிடும். வேறு எந்த விமானத்துக்கும் இல்லாத சத்தம். விமானம் ஓடுபாதையை நோக்கி இறங்கி வரும்போது, சக்கரங்கள் தரையைத் தொடும்வரை எஞ்சின் அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள். அந்தக் காற்றில் ஒரு பங்கு ஃபிளாப்பின் துளைகள் வழியே பாய்ந்து, அந்தச் சின்ன இறக்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.